எப்போ மோதும் என்று காத்திருக்கும் பந்தயம்

கார் பந்தயம் பிடிக்காதவர்கள் தயவுசெய்து இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விட வேண்டாம். இதில் கார் கொஞ்சம்தான். மீதி எல்லாம் பணம். பி.காம் படிக்கிறவன் வேறு எதை எழுதுவான்? :-)

2025 பிப்ரவரி 16, ஞாயிறு ராத்திரி. அமெரிக்காவில் டேடோனா 500 பந்தயம். நம்ம ஊர் நேரத்துக்கு நள்ளிரவில் ஆரம்பித்தது. நடுவில் மழை வந்து மணிக்கணக்காக நிறுத்தி வைத்தார்கள். ஹாஸ்டலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு லேப்டாப் முன்னால் தூங்கி விழுந்துகொண்டிருந்தேன். மழை விட்டு மறுபடி ஆரம்பித்ததும் ரூம்மேட் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து கேட்ட முதல் கேள்வி: "என்னடா, இன்னும் எவனும் மோதலையா?"

யார் முன்னால் போகிறார்கள், எத்தனை சுற்று பாக்கி என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. எவனும் மோதவில்லையா, அவ்வளவுதான்.

கடைசி சில சுற்றுகள் இருக்கும்போது அவன் காத்திருந்தது நடந்தது. ரயன் ப்ரீஸ் என்பவரின் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பி, சுவரில் போய் அடித்து, கரணம் போட்டு விழுந்தது. "செம்ம டா!" என்று கத்தினோம். இரண்டு பேரும்தான், நான் யோக்கியன் இல்லை. அப்புறம்தான் காருக்குள்ளே ஒரு ஆள் இருக்கிறார் என்பது உறைத்தது. அவர் கதவு வலையை இறக்கிவிட்டு வெளியே வரும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. இதே மனிதர்தான் 2023 ஆகஸ்டில் இதே டேடோனாவில் புல்தரையில் பத்துப் பன்னிரண்டு கரணம் அடித்துப் பிழைத்தவர்.

பந்தயம் கடைசிச் சுற்றிலும் ஒரு மோதலோடு முடிந்தது. முன்னால் போனவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சுழல, பின்னால் வந்த வில்லியம் பைரன் சந்து பார்த்துப் புகுந்து ஜெயித்தார். நான் காலேஜுக்குக் குளிக்கப் போனேன். ஆனால் அந்த "செம்ம டா" மட்டும் அன்று முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. அதன் விளைவுதான் இந்தப் பதிவு.

நாஸ்கார் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. 2006ல் வந்த 'கார்ஸ்' அனிமேஷன் படம் பார்த்திருப்பீர்களே, லைட்னிங் மெக்வீன் ஓடுவது இந்த மாதிரிப் பந்தயத்தில்தான். அதில் வரும் 'கிங்' என்ற நீலக் காருக்குக் குரல் கொடுத்தவர் ரிச்சர்ட் பெட்டி, நிஜ நாஸ்கார் சாம்பியன். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன்கூட 2010ல் நாஸ்காரின் ட்ரக் தொடரில் ஓட்டியிருக்கிறார். வருடம் முழுக்கப் பலவிதமான தடங்களில் பந்தயம் நடக்கும். அதில் டேடோனா, டல்லடேகா என்ற இரண்டும்தான் சூப்பர் ஸ்பீட்வே. டேடோனா 1959ல் திறந்தது, ஒரு சுற்று இரண்டரை மைல், வளைவுகளில் 31 டிகிரி சரிவு. டல்லடேகா 1969ல் திறந்தது, 2.66 மைல், 33 டிகிரி சரிவு. 33 டிகிரி என்றால் நடந்து ஏறினாலே மூச்சு வாங்கும்.

இந்த இரண்டு இடத்திலும் ஒரு வினோதம் உண்டு. இன்ஜினின் மூச்சைப் பிடித்து விடுவார்கள். 2022ல் வந்த புது மாடல் காருக்குப் பெரும்பாலான தடங்களில் 670 குதிரைத்திறன் என்று வைத்தார்கள். சூப்பர் ஸ்பீட்வேயில் சுமார் 510. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குறைத்தால் சக்தி குறையும், அவ்வளவுதான் சூட்சுமம். 1988லிருந்து நான்கு ஓட்டை போட்ட ஒரு அலுமினியத் தகடு வைத்தார்கள். 2019 டேடோனா 500க்கு அப்புறம் அதற்குப் பதில் குறுகலான துவாரம் கொண்ட வேறு ஒரு துண்டு. பெயர் மாறியது, வேலை அதேதான்.

ஏன் அப்படி? இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

1987 மே மாதம் டல்லடேகா. தகுதிச் சுற்றில் பில் எலியட் மணிக்கு 212.809 மைல் வேகத்தில் ஓட்டினார், சுமார் 342 கிலோமீட்டர். இன்றைக்கும் உடையாத சாதனை. அந்தப் பந்தயத்தில் பாபி அலிசனின் டயர் வெடித்து, கார் பின்பக்கமாக எழும்பி, பார்வையாளர் முன்னால் இருந்த கம்பி வேலியைக் கிட்டத்தட்ட நூறு அடி நீளத்துக்குக் கிழித்தது. கார் மட்டும் உள்ளே போயிருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பலர் காயமடைந்தார்கள். அதே பந்தயத்தை ஜெயித்தது அவர் மகன் டேவி அலிசன். அப்பாவுக்கு அடி, மகனுக்கு முதல் வெற்றி, ஒரே நாளில்.

அதற்குப் பிறகுதான் தகடு. அந்த முடிவில் எனக்குத் தகராறே இல்லை. கூட்டத்துக்குள் கார் போகக்கூடாது, வேகத்தைக் குறை. நூற்றுக்கு நூறு நியாயம்.

ஆனால் தகடு ஒரு பக்க விளைவையும் கூட்டிக்கொண்டு வந்தது. எல்லா இன்ஜினும் மூச்சுத் திணறுவதால் யாரும் காலை எடுக்கவே வேண்டியதில்லை. வளைவிலும் ஆக்ஸிலரேட்டர் முழு அமுக்கில்தான் இருக்கும். அப்போது திறமையான ஓட்டுநர் தனியாக விலகி ஓட முடியாது. தனியாகப் போகிற கார் காற்றை எதிர்த்து மெதுவாகிவிடும், ஒட்டிப் போகிற வரிசை வேகமாகும். ஆகவே முப்பது நாற்பது கார்களும் இரண்டு மூன்று வரிசையாக, ஒன்றோடொன்று கிட்டத்தட்ட உரசிக்கொண்டு மணிக்கு 190 மைலில் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 85 மீட்டர். முன்னால் ஒருவன் சுழன்றால் நீங்கள் சுதாரிக்க அரை நொடி ஆகும் என்றாலும் அதற்குள் 42 மீட்டர் போய்விடுவீர்கள், எட்டு கார் நீளம். உங்களுக்கும் முன்னால் போகிறவனுக்கும் நடுவில் அரை கார் நீளம்கூட இல்லை. தப்பிக்க வழியே கிடையாது.

அதனால் ஒருவர் சுழன்றால் இருபது பேர் மோதுவார்கள். இதற்கு ஒரு செல்லப் பெயரே இருக்கிறது, 'தி பிக் ஒன்'. 2003 ஏப்ரல் டல்லடேகாவில் நான்காவது சுற்றிலேயே 27 கார்கள். 2024 அக்டோபரில் அதே டல்லடேகாவில் 28 கார்கள், அதுதான் ரெக்கார்டு. விபத்துக்கு ரெக்கார்டு வைத்திருக்கும் விளையாட்டு வேறு எது?

என் குற்றச்சாட்டு இதுதான். பாதுகாப்புக்காக வந்த தகடு, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சரக்காக மாறிவிட்டது. இன்றைக்கு அதை வைத்திருப்பது பாதுகாப்புக்காக மட்டும் அல்ல, அது விற்பதால். அப்படி விற்பதன் ஆபத்தைச் சுமப்பவர்கள் ஒரு பக்கம், லாபத்தை எடுப்பவர்கள் இன்னொரு பக்கம்.

சும்மா சொல்லவில்லை. சாட்சி தருகிறேன்.

முதல் சாட்சி, 2000-2001. 2000 பிப்ரவரி டேடோனா 500ல் முன்னிலை மாறியது மொத்தமே 9 முறை. படு போர் என்று எல்லோரும் திட்டினார்கள். அந்த வருடம் அக்டோபர் டல்லடேகாவுக்குள் காரின் கூரையிலும் பின்பக்கத்திலும் காற்றைத் தடுக்கும் பட்டைகள் வைத்து விதியை மாற்றினார்கள். முன்னிலை மாற்றம் 49 ஆனது! டேல் ஏர்ன்ஹார்ட் கடைசி ஐந்து சுற்றில் பதினெட்டாவது இடத்திலிருந்து வந்து ஜெயித்தார். அதுவே அவருடைய கடைசி வெற்றி. அதே ஏற்பாட்டை 2001 பிப்ரவரி 18 டேடோனா 500க்கும் கொண்டுவந்தார்கள். ஆறு வருடத்துக்கு 240 கோடி டாலர் என்ற புதிய டிவி ஒப்பந்தத்தில் நடந்த முதல் டேடோனா 500 அது. மறுபடி 49 முன்னிலை மாற்றம். நடுவில் கிட்டத்தட்ட இருபது கார்கள் மோதின. கடைசிச் சுற்றில் ஏர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். வயது 49.

அந்தப் பட்டைகள்தான் அவரைக் கொன்றன என்று நான் சொல்ல வரவில்லை. மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்ததுதான் காரணம். கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி அப்போதே இருந்தது, அவர் அதைப் போடவில்லை. ஆனால் 'பந்தயம் போர் அடிக்கிறது' என்ற புகாருக்கு வந்த பதில் என்ன என்று பாருங்கள். கார்களை இன்னும் நெருக்கமாக்கு. போர் என்பதற்கு மருந்து நெருக்கம், நெருக்கத்தின் விலையை டிரைவர் கொடுப்பார்.

இரண்டாவது சாட்சி, 2009 டல்லடேகா. கடைசிச் சுற்று. கார்ல் எட்வர்ட்ஸ் முன்னால், ப்ராட் கெசலாவ்ஸ்கி உள்பக்கம். மஞ்சள் கோட்டுக்குக் கீழே இறங்கி முந்தினால் வெற்றி செல்லாது என்பது விதி. முந்தைய வருடம் ரீகன் ஸ்மித்துக்கு அதே டல்லடேகாவில் அப்படித்தான் வெற்றி பறிபோனது. ஆகவே கெசலாவ்ஸ்கி இறங்கவில்லை. இடி. எட்வர்ட்ஸின் கார் பறந்து போய் வேலியில் விழுந்தது. பார்வையாளர்கள் காயம், ஒரு பெண்ணுக்குத் தாடை உடைந்தது. எட்வர்ட்ஸ் காரிலிருந்து இறங்கி ஓடியே போய் முடிவுக் கோட்டைத் தாண்டினார். அதைத்தான் எல்லோரும் ரசித்து ரசித்துப் போட்டுக் காட்டினார்கள். அன்று அவர் சொன்னதை யாரும் அவ்வளவாகக் காட்டுவதில்லை. யாராவது சாகும் வரை நாங்கள் இப்படித்தான் ஓட்டுவோம், அப்புறம்தான் மாற்றுவார்கள் என்றார்.

மூன்றாவது சாட்சி, 2013 டேடோனா. பெரிய பந்தயத்துக்கு முதல் நாள் நடந்த இரண்டாம் நிலைப் பந்தயத்தில் கைல் லார்சனின் கார் வேலியில் மோதி, இன்ஜினும் சக்கரமும் பிய்ந்துபோயின. சிதறிய துண்டுகள் கூட்டத்தில் விழுந்தன. குறைந்தது 28 பேருக்குக் காயம். ராத்திரியோடு ராத்திரியாக வேலியைச் சரிசெய்து மறுநாள் டேடோனா 500ஐ நடத்திவிட்டார்கள். பார்வையாளர் ஒருவர் எடுத்த வீடியோவை யூட்யூபிலிருந்து எடுக்கவைத்தது நாஸ்கார். காயம்பட்டவர்கள் மேல் மரியாதையாம். யூட்யூப் பிறகு அதைத் திரும்பப் போட்டது. 2015 ஜூலையில் அதே டேடோனாவில் ஆஸ்டின் டில்லனின் கார் மறுபடி வேலியில்.

1987க்குப் பிறகு வேலிக்குள் போன இந்த மூன்று காரிலும் தகடு இருந்தது. கூட்டத்தைக் காப்பாற்ற வந்த தகடு, காரைக் கூட்டத்தை நோக்கிப் பறக்கவைக்கும் நெரிசலையும் கூடவே கொண்டுவந்திருக்கிறது.

இனி வழக்கமாக வரும் எதிர்வாதங்கள்.

"தகட்டை எடுத்தால் இன்னும் வேகம் போகும், இன்னும் ஆபத்து."

உண்மை. 2004ல் ரஸ்டி வாலஸ் தகடு இல்லாமல் டல்லடேகாவில் ஓட்டிப் பார்த்தபோது 228 மைல் வரை போனது. தகட்டை மட்டும் எடு என்று நான் சொல்லவில்லை. வளைவில் டிரைவர் காலை எடுத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் கூட்டம் தானாகப் பிரியும். காரைத் தரையோடு அழுத்தும் காற்றைக் குறைத்தால், தடத்தின் சரிவைக் குறைத்தால் அது நடக்கும். செலவு ஆகும், ஆனால் முடியாத காரியம் இல்லை. 2013ல் தொடங்கி டேடோனா மைதானத்தைப் புதுப்பிக்க 40 கோடி டாலர் செலவு செய்தார்கள். பார்க்கிறவர்களின் வசதிக்கு அவ்வளவு பணம் புரளும்போது ஓட்டுபவர்களின் உயிருக்குப் புரளாதா?

"பழைய தடம், அப்படிக் கட்டிவிட்டார்கள், என்ன செய்வது?"

இதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தரும் வாதம். ஏனென்றால் 2022ல் அட்லாண்டா தடத்தைப் புதுப்பித்தார்கள். 24 டிகிரி சரிவை 28 ஆக்கினார்கள், தடத்தைக் குறுக்கினார்கள், சூப்பர் ஸ்பீட்வே மாதிரியே மூச்சுப் பிடித்த இன்ஜினைக் கொண்டுவந்தார்கள். ஒன்றரை மைல் தடத்தில் இன்னொரு கூட்டப் பந்தயம். 1969ல் கட்டியது விதி என்றால் 2022ல் கட்டியது என்ன? தெரிந்தே, யோசித்தே, விற்கும் என்றே கட்டியது. நான் மறைக்கவில்லை, 2024ல் அங்கே டேனியல் சுவாரஸ் மூன்று பேர் பக்கவாட்டில் வந்து 0.003 நொடியில் ஜெயித்ததைப் பார்த்து நானும் துள்ளினேன். ஆனால் 'வேறு வழியில்லை' என்ற பேச்சு அன்றோடு செத்துவிட்டது.

"2001க்குப் பிறகு ஒருவரும் சாகவில்லையே."

கப் பந்தயத்தில் ஒரு டிரைவரும் சாகவில்லை. அந்தப் பெருமை நாஸ்காருக்குக் கொடுக்கவேண்டியதுதான். ஆனால் வரிசையைப் பாருங்கள். கழுத்துக் கருவி கட்டாயமானது 2001 அக்டோபரில், ஏர்ன்ஹார்ட் செத்து எட்டு மாதம் கழித்து. அவருக்கு முன்னால் ஒரே வருடத்துக்குள் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் என்று மூன்று பேர் போயிருந்தார்கள். 2015ல் டேடோனாவில் மெத்தைத் தடுப்பு இல்லாத வெறும் கான்கிரீட் சுவரில் மோதி கைல் புஷ்ஷின் கால் உடைந்தது. அப்புறம் தடுப்பு வந்தது. ப்ரீஸ் 2023ல் உருண்ட பிறகு அந்தப் புல்தரைக்குத் தார் போட்டார்கள். 2020 டேடோனா 500ல் ரயன் நியூமன் கடைசிச் சுற்றில் தலைகீழாகி, இன்னொரு கார் அவர் கதவுப் பக்கம் மோதியது. இரண்டு நாள் கழித்து மகள்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வெளியே வந்தார். எல்லாமே 'பட்ட பிறகு' கணக்கு. நல்ல பாதுகாப்பும் இருக்கிறது, நல்ல அதிர்ஷ்டமும் இருக்கிறது. அதிர்ஷ்டத்தை அசெட் பக்கம் எழுதக்கூடாது என்பது அக்கவுண்டன்சி முதல் வருடப் பாடம்.

"தெரிந்துதானே ஓட்டுகிறார்கள்? தெரிந்துதானே பார்க்கப் போகிறார்கள்?"

சட்டப் புத்தகத்தில் இதற்கு ஒரு லத்தீன் பெயர் உண்டு: வாலண்டி நான் ஃபிட் இஞ்சூரியா. தானே ஒப்புக்கொண்ட ஆபத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது. இதற்கு அடிக்கடி சொல்லப்படும் பழைய இங்கிலாந்து வழக்கு ஹால் எதிர் ப்ரூக்லேண்ட்ஸ். அதுவும் கார் பந்தயம்தான்! கார் ஒன்று கம்பியைத் தாண்டிக் கூட்டத்தில் விழுந்தது. தடம் நடத்தியவர்கள் பொறுப்பல்ல என்று தீர்ப்பு. ஆனால் முக்கியமான விஷயம், 1907ல் தடம் திறந்ததிலிருந்து அப்படி ஒரு விபத்து அங்கே நடந்ததே இல்லை. யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. இங்கே 1987, 2009, 2013, 2015. நான்கு தடவை நடந்ததை எப்படி எதிர்பாராதது என்பது? டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

டிரைவர்கள் விஷயம் இன்னும் மோசம். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்கிறோம், மறுத்தவர்களுக்கு என்ன ஆனது? 1961ல் சங்கம் அமைக்கப் பார்த்த கர்டிஸ் டர்னருக்கு நாஸ்கார் நிறுவனர் பில் ஃப்ரான்ஸ் ஆயுள் தடை விதித்தார், 1965ல்தான் விலக்கினார். 1969ல் டல்லடேகாவின் முதல் பந்தயத்தில் டயர்கள் கிழிகின்றன, ஓட்டமுடியாது என்று ரிச்சர்ட் பெட்டி தலைமையில் பெரிய டிரைவர்கள் எல்லாம் மூட்டை கட்டினார்கள். ஃப்ரான்ஸ் மிச்சம் இருந்தவர்களை வைத்துப் பந்தயத்தை நடத்திக் காட்டினார். ரிச்சர்ட் ப்ரிக்ஹவுஸ் ஜெயித்தார். நீ இல்லாவிட்டால் இன்னொருத்தன், அதுதான் செய்தி. இன்றுவரை அங்கே உருப்படியான டிரைவர் சங்கம் கிடையாது. 2022ல் ஒரு ஆலோசனைக் குழு வந்தது. பெயரே சொல்கிறது, ஆலோசனை மட்டும்.

இப்போது நம்ம பாடத்துக்கு வருகிறேன். நாஸ்கார் ஃப்ரான்ஸ் குடும்பத்தின் சொத்து. விதி எழுதுவது அவர்கள். டேடோனா, டல்லடேகா தடங்களை வைத்திருந்த கம்பெனியையும் 2019ல் நாஸ்காரோடு சேர்த்துவிட்டார்கள். டிவிக்கு விற்பதும் அவர்களே, 2025லிருந்து ஏழு வருடத்துக்கு 770 கோடி டாலர். விதி எழுதுபவன், கடை வைத்திருப்பவன், சரக்கு விற்பவன், விபத்தை விசாரிப்பவன் எல்லாம் ஒரே ஆள். நம்ம ஆடிட்டிங் வாத்தியார் இதைப் பார்த்தால் மயக்கம் போட்டுவிடுவார். மைக்கேல் ஜோர்டன் பங்குதாரராக இருக்கும் அணியும் இன்னொரு அணியும் 2024 அக்டோபரில் இது ஏகபோகம் என்று வழக்குப் போட்டன. 2025 டிசம்பரில் விசாரணை நடக்கும்போதே சமரசமானது. அணி முதலாளிகளுக்கு நிரந்தர சார்ட்டர் கிடைத்தது. நல்லது. உள்ளே உட்கார்ந்து ஓட்டுபவனுக்கு அந்த மேஜையில் நாற்காலி இல்லை.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. பாதுகாப்பு விதியை எழுதுபவர் டிவி பணம் வாங்காதவராக இருக்கட்டும். டிரைவர்களுக்கு ஆலோசனை அல்ல, வேண்டாம் என்று சொல்லும் ஓட்டு இருக்கட்டும். வேலியை ஒட்டிய கீழ் வரிசைகள் காலியாக இருக்கட்டும். இன்னொரு அட்லாண்டா கட்டாதிருக்கட்டும்.

"அப்படியானால் யார் பார்ப்பார்கள்?" என்பதுதான் கடைசிக் கேள்வி. நேர்மையாகச் சொன்னால் எனக்கே அந்தப் பயம் உண்டு. கடைசி வாதமாக இதைச் சொல்பவர்கள் பாதி சரி. எங்களைப் போல் ராத்திரி முழுக்க விழித்து "எவனும் மோதலையா" என்று கேட்பவர்கள் இருக்கும்வரை கடைக்காரன் சரக்கை மாற்றமாட்டான். சப்ளை மட்டும் குற்றவாளி இல்லை, டிமாண்டும்தான். அந்த டிமாண்டில் நானும் ஒரு யூனிட்.

ஆனால் ஒன்று. மற்ற தடங்களில், எல்லோரும் பிரேக் போட்டுத் திணறும் சின்னத் தடங்களில், ஒருவர் இன்னொருவரை ஐந்து சுற்று துரத்தித் துரத்தி முந்துவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கும் கத்தியிருக்கிறேன். கத்தி முடித்ததும் யாராவது உயிரோடு வெளியே வருகிறார்களா என்று வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவேண்டி வந்ததில்லை. அந்த வித்தியாசம் போதும் எனக்கு.

பி.கு: ரூம்மேட் இதைப் படித்துவிட்டு, "அப்போ அடுத்த டேடோனா பார்க்கமாட்டியா?" என்று கேட்டான். பார்ப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவன் அந்த முதல் கேள்வியைக் கேட்டால் இந்தத் தடவை பதில் சொல்லமாட்டேன். நாஸ்கார் ரசிகர்கள் திட்ட நினைத்தால் பின்னூட்டத்தில் தாராளமாகத் திட்டலாம். அட்லாண்டாவை ஏன் அப்படிக் கட்டினார்கள் என்பதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் திட்டவும். :-)